பதினோரு கிலோ

எனக்கு வயது எழுபத்தாறு. வளர்த்து ஆளாக்கியது ஆறு பேர். அதில் பெற்றது நாலு. மற்ற இரண்டும் கொழுந்தன் பிள்ளைகள், தாயைப் பறிகொடுத்துவிட்டு என் இடுப்புக்கு வந்து சேர்ந்தவை. ஆறும் காலேஜ் வாசலை மிதித்துவிட்டன. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். எழுதுவது அதைவிட மெதுவு. ஒரு பக்கம் நிரம்ப ஒரு முற்பகல் ஆகிவிடுகிறது. ஆகட்டும். எந்த ஆபீசிலும் என்னைத் தேடிக்கொண்டிருக்கவில்லை.

ஊரை மெச்சி எழுத நான் உட்காரவில்லை. பணத்தைப் பார்த்திருக்கிறேன். பணம் இல்லாததையும் பார்த்திருக்கிறேன். இரண்டையும் பொறுத்துக்கொண்டேன். பணத்தைப் பற்றி இந்தப் போடியில் பேசுகிறார்களே, அந்தப் பேச்சைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பெரிய படிப்புப் படித்தவன் வந்து உட்கார்ந்து, "லட்சக்கணக்குல போகுது" என்பான். எத்தனை லட்சம், எதற்கு, யார் கைக்கு, செலவு போகவா போகாமலா, ஒன்றும் கிடையாது. லட்சம் என்று சொல்லும்போது வாய் இனிக்கிறது, அவ்வளவுதான். கத்தரிக்காய் வாங்கப் போனால் கால் கிலோவா அரைக் கிலோவா என்று கேட்கத் தெரிகிற அதே ஆள்தான்.

ஒரு வருஷம் நகைக் கடனுக்கு வட்டி மட்டும் தள்ளுபடி என்று ஒரு பேச்சு கிளம்பியது. எங்கள் தெருவுக்கு வந்து சேருவதற்குள் "வட்டி மட்டும்" என்பதை வழியிலேயே உதிர்த்துவிட்டார்கள். கடனே போச்சு என்று ஒரு வீட்டில் பிரிட்ஜ் வாங்கினார்கள். அசலைக் கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்தபோது அதன்மேல் பழைய போர்வையைப் போட்டு மூடிவைத்தார்கள். பிரிட்ஜுக்குக் குளிரும் என்று நினைத்தார்களோ என்னவோ. அந்த வீட்டில் இரண்டு பட்டதாரிகள்.

இனி என் கதைக்கு வருகிறேன். மலைப்பாதையின் உச்சியை மெட்டு என்போம், அதற்கு அந்தப் பக்கம் எங்களுக்கு இரண்டரை ஏக்கர் ஏலக்காய்த் தோட்டம் இருக்கிறது. செடியின் அடியில் தரையோடு சரம் ஓடும், அதில் காய் பிடிக்கும். ஒரு முறை எடுத்த செடியில் மறுபடி எடுக்க நாற்பது நாற்பத்தைந்து நாள் ஆகும். அதைச் சுற்று என்போம். காய் எடுக்க அடிவாரத்துச் சிலமலைக் கிராமத்திலிருந்து ஆறு பெண்கள் விடியக்காலம் ஜீப்பில் ஏறி வருவார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு அதே ஜீப்பில் இறங்கிவிடுவார்கள். அவர்கள் எடுத்துப் போட்ட பச்சைக்காயை நிறுத்து, மூட்டை கட்டி, உலர்த்துகிற கட்டிடத்துக்கு அனுப்புவோம். மலையில் அதை ஸ்டோர் என்பார்கள். அங்கே ஒரு நாள் முழுக்கச் சூட்டில் கிடந்து காய் வற்றும். வற்றியதைச் சலித்து, பருமன் பார்த்துப் பிரித்து, போடியில் ஏலத்துக்கு வைப்போம். விலை கூறுவது காய்ந்த காய்க்கு. கிலோவுக்கு. அதுவும் ஒவ்வொரு குவியலுக்கும் ஒவ்வொரு விலை.

இவ்வளவுதான் விஷயம். இதைப் புரிந்துகொள்ள மூன்றாம் வகுப்பே கூடுதல். ஆனால் தினமும் ஏலம் முடிந்ததும் அன்றைய உச்ச விலை ஒன்றை மட்டும் போனில் ஊரெல்லாம் அனுப்பிவிடுவார்கள். பார்த்தவன் பார்த்த இடத்தில் உட்கார்ந்து பெருக்கத் தொடங்குவான். டீக்கடையில் ஒருவன், பஸ்சில் ஒருவன், சவரக்கடையில் தலையைக் குனிந்துகொண்டே ஒருவன். எந்தக் காய், எத்தனை கிலோ என்று கேட்பவன் கிடையாது.

போன வருஷம் ஒரு நாள், எங்கள் காயில் ஒரு குவியல், பதினோரு கிலோ, கிலோ மூவாயிரத்துக்குப் போனது. நல்ல பருமன், நிறம் மங்காத காய். அன்றைய ஏலத்தில் அதுதான் உச்சம் என்று என் மகன் வந்து சொன்னான். அதே நாளில் எங்கள் மீதிக் காய் ஐம்பத்து மூன்று கிலோவும் அதற்கு ரொம்பக் கீழேதான் போனது.

அன்றைக்கு மாவு மில்லில் என் நாத்தனார் நின்றாள். என் வீட்டுக்காரரின் தங்கை, இதே ஊரில் வாழ்க்கைப்பட்டவள். அவள் வாயில் மகன் சம்பளம் இல்லாத நாள் கிடையாது.

"மதினி, எம் மகனுக்கு இந்த மாசத்துல இருந்து ரெண்டு லட்சம்."

"சந்தோசம்," என்றேன்.

"அங்க பெங்களூர்ல வீட்டு வாடகைக்கே நம்மூர்ல ஒரு வீடு வாங்கலாம் போல."

"சந்தோசம்."

"நீங்க இன்னும் அந்தக் காட்டைக் கட்டிக்கிட்டு அழுகிறீக. வித்துட்டுப் பேசாம உட்காரலாம்ல."

நான் தூக்குவாளியைக் கீழே வைத்தேன். "எங்க காய் இன்னைக்கு மூவாயிரத்துக்குப் போச்சு," என்றேன். "ஏலத்துலயே அதுதான் உசத்தி."

மில்காரன் திரும்பிப் பார்த்தான். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாத்தனார் முகத்தில் மாவு படிந்ததுபோல ஒரு வெளுப்பு. நான் வாளியை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டேன்.

பதினோரு கிலோ என்று நான் சொல்லவில்லை. கேட்டார்களா? அங்கே ஏழு பேர் நின்றார்கள். எத்தனை கிலோ ஆத்தா என்று ஒரு வாயாவது திறந்ததா? திறந்திருந்தால் சொல்லியிருப்பேன். அன்றைக்கு எனக்கு நானே இப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

பத்து நாள் கழித்துக் கண்ணைக் காட்ட மதுரைக்கு ரயிலில் போனேன். எதிரே இரண்டு பேர், துணி வியாபாரம் போல இருக்கிறது, மடியில் பெரிய கட்டுகள். ஒருவன் சொல்கிறான், "போடியில ஒரு கிழவிக்கு ஒரே மூட்டை மூணு லட்சத்துக்குப் போயிருக்கு. இருபது மூட்டை வச்சிருந்துச்சாம்."

"அறுபது லட்சம்," என்றான் மற்றவன். பெருக்கல் மட்டும் எல்லோருக்கும் வந்துவிடுகிறது.

"ஏப்பா, மூட்டைக்கு எத்தனை கிலோ?" என்று கேட்டேன்.

"நூறு இருக்கும் பாட்டி."

"பச்சைக்காயா, காஞ்ச காயா?"

"காய் காய்தான பாட்டி. அதுல என்ன பச்சை, காஞ்சது."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அறுபது லட்சத்துக்காரி அவன் எதிரே கட்டைப்பையும் சொட்டு மருந்துச் சீட்டுமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியாது. இந்த மாதிரி ஆட்களுக்குத் திருத்திச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று அலட்சியமாக இருந்தேன். பொய் எழுதக்கூடாது, கொஞ்சம் இனிக்கவும் செய்தது.

மதுரையிலிருந்து வந்த வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, காய் எடுக்க வருகிற ஆறு பெண்களில் மூத்தவள் தன் புருஷனோடு வீட்டுக்கு வந்தாள். ஒன்பது வருஷமாக என் தோட்டத்தில் காய் எடுக்கிறவள். சரத்தில் பிஞ்சைத் தொடாமல் முற்றியதை மட்டும் கிள்ளுகிற கை. மற்ற ஐந்து பேரையும் கூட்டி வருகிறவளும் அவள்தான். புருஷன் சிலமலையில் அறுபது சென்ட் கிணற்றுத் தோட்டத்தில் நிலக்கடலை போடுகிறவன். மலைக்கு வந்து பழக்கம் இல்லை. கையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் வெற்றிலையும் கொண்டுவந்திருந்தார்கள்.

"ஆத்தா, நாங்களும் ஒரு தோட்டம் பிடிக்கிறோம்," என்றாள். "உங்களுக்கு மேல் தோட்டம். ஒரு வருசக் குத்தகை. வெள்ளிக்கிழமை முன்பணம் கொடுக்கணும். நீங்க கூட வந்து நிக்கணும்."

"குத்தகை எவ்வளவு?"

"ஆறு லட்சம்."

"ஆறு லட்சம் எங்கிருந்து வருது?"

புருஷன் சொன்னான். "கிணத்துத் தோட்டத்தை ஒத்திக்கு வைக்கிறோம் ஆத்தா. நாலு வருது. மீதிக்கு இவ காதுல கழுத்துல கிடக்கு."

ஒத்தி என்றால், வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்கிறவரைக்கும் நிலத்தை அடுத்தவன் உழுவான். அந்த வீட்டுக்கு இருப்பது அந்த அறுபது சென்ட்தான்.

"என்ன கணக்குல ஆறு லட்சம் கொடுக்கிற?" என்றேன்.

அவன் போனை எடுத்தான். "மேல் தோட்டத்துக்காரர் ஒரு சுத்துல எண்ணூறு கிலோ எடுத்தேன்னு சொன்னாரு. உங்க காய் மூவாயிரத்துக்குப் போயிருக்கு. அவரு காயும் அதே மண்ணு, அதே மழை. எண்ணூறு பெருக்கல் மூவாயிரம்." போனை என் பக்கம் திருப்பிக் காட்டினான். "இருபத்தி நாலு லட்சம். இது ஒரு சுத்துக்கு."

பரீட்சையில் வாங்கிய மார்க்கைச் சொல்லுகிற மாதிரி நிதானமாகச் சொன்னான்.

"அந்த எண்ணூறு பச்சையா, காஞ்சதா?"

"பச்சையாத்தான் இருக்கும் ஆத்தா. எடுக்கிறது பச்சைதான? காஞ்சா கொஞ்சம் சுண்டும், அது எனக்குத் தெரியாதா. கடலையும்தான் பிடுங்கின ஈரத்துல ஒரு எடை, காஞ்சா ஒரு எடை. மூணுல ஒரு பங்கைக் கழிச்சிருங்க. அப்பவும் பதினாறு லட்சம்."

கடலைக் கணக்கை மலைக்கு ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறான். சிலமலைக்காரன் தவிர வேறு யாருக்கும் இப்படித் தோன்றியிருக்காது. அவனையாவது விடுங்கள். ஒன்பது வருஷம் காய் எடுத்தவள் பக்கத்தில் நிற்கிறாள், அவளும் தலையை ஆட்டுகிறாள். யோசித்துப் பார்த்தால் அவளுக்கு எப்படித் தெரியும்? நாலு மணிக்கு ஜீப்பு வந்துவிடும். பச்சை மூட்டையோடு அவள் கணக்கு முடிந்தது. ஸ்டோரிலிருந்து காய் வெளியே வருவதை அவள் ஒரு நாளும் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்கச் சொல்லி நானும் கூப்பிட்டதில்லை.

"அஞ்சு கிலோ பச்சை காஞ்சா ஒரு கிலோ வரும்," என்றேன். "அதுவும் முத்தின காயா இருந்தா."

அவன் மனைவியைப் பார்த்துச் சிரித்தான். "ஆத்தாவுக்கு நல்ல கை போயிருமேன்னு இருக்கு."

என் முகத்துக்கு நேரே இப்படிப் பேசியவர்கள் குறைவு. என் மகன் உள்ளிருந்து வந்தான். இவன்தான் வாத்தியார் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஏதாவது உருப்படியாகச் சொல்வான் என்று பார்த்தேன். "விலை நிலவரம் சொல்ல முடியாதுப்பா. ஏறும், இறங்கும். பார்த்துப் பண்ணுங்க," என்றான். பார்த்துப் பண்ணுங்களாம். எதைப் பார்த்து? நாளைக்கு அந்தக் குடும்பம் தெருவுக்கு வந்தாலும் அன்றைக்கே சொன்னேனே என்று தப்பித்துக்கொள்ளலாம், சந்தோஷமாக இருந்தாலும் அன்றைக்கே சொன்னேனே என்று பங்கு கேட்கலாம். முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுத்தான் போல.

அந்தப் புருஷன் ஒன்றும் மந்தன் இல்லை. "சரி ஆத்தா, அஞ்சுக்கு ஒண்ணுன்னே வைங்க," என்று மறுபடி போனைத் தட்டினான். "நூத்தி அறுபது கிலோ. மூவாயிரத்துல நாலு லட்சத்து எண்பதாயிரம். வருசத்துக்கு அஞ்சு சுத்து. அப்பவும் இருபத்தி நாலு லட்சம் வருது. ஆறு போட்டு இருபத்தி நாலு. இதுல எங்க நட்டம்? மூவாயிரம்னது பொய் இல்லையே? நீங்கதான மில்லுல சொன்னீக."

"பொய் இல்ல," என்றேன்.

பதினோரு கிலோ என்பதை மட்டும் நான் சேர்க்கவில்லை. இவர்களிடம் சொன்னால் சிலமலை பஸ்சு அதை மத்தியானத்துக்குள் போடிக்குக் கொண்டுவந்துவிடும். சாயங்காலத்துக்குள் நாத்தனார் காதுக்குப் போய்விடும். எனக்கு அந்த நேரத்தில் அவர்கள் நிலம் நினைவில் இல்லை. மில்லில் அவள் வெளுத்துப் போன முகம்தான் நினைவில் இருந்தது. அந்த முகத்தைத் திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை.

அவர்கள் போய்விட்டார்கள். வாழைப்பழத்தை வைத்துவிட்டுப் போனார்கள். அதில் ஒன்றைக்கூட என்னால் உரிக்க முடியவில்லை.

மறுநாள் புதன்கிழமை எங்கள் தோட்டத்தில் காய் எடுப்பு. நான் மலைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது, முழங்கால் ஒத்துழைப்பதில்லை. அன்றைக்கு ஜீப்பில் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். டிரைவர், "ஆத்தா, ஆளுக எண்ணிக்கை சரியான்னு பாக்க வர்றீகளா?" என்றான். "உன் வாயை எண்ண வர்றேன்," என்றேன். பின்னால் பெண்கள் சிரித்தார்கள். மூத்தவள் சிரிக்கவில்லை. என்னிடம் கோபம்.

சாயங்காலம் எடை போட்டபோது அவள் எடுத்தது பத்தொன்பது கிலோ. அதை மற்றதோடு கொட்டாதே என்றேன். என் சேலையின் ஓரத்தைக் கிழித்து அந்தச் சாக்கின் வாயில் நானே கட்டினேன்.

"நீ இன்னைக்குக் கீழ போகாத," என்றேன். "என்னோட தோட்டத்து வீட்டுல இரு. நாளைக்கு உன் காயை நீயே பாத்துட்டுப் போ."

"வீட்டுல சோலி கிடக்கு ஆத்தா."

"அறுபது சென்டை விடவா பெரிய சோலி?"

இருந்தாள். என்னோடு அதிகம் பேசவில்லை. கஞ்சி வைத்துக் கொடுத்தாள், குடித்தேன். மறுநாள் பகலெல்லாம் காய் எடுத்தாள். வியாழன் சாயங்காலம் ஸ்டோருக்கு நடந்து போனோம். கதவைத் திறந்ததும் சூடும் வாசனையும் முகத்தில் அடித்தன. அவள் காயைத் தனியாக ஒரு தட்டில் போட்டிருந்தார்கள், என் சேலைத் துண்டு அதன் கம்பியில் கட்டியிருந்தது. அள்ளி, ஊதி, தராசில் வைத்தார்கள். மூன்று கிலோ எண்ணூறு கிராம்.

"திரும்பப் போடுங்கண்ணே," என்றாள் அவள். திரும்பப் போட்டார்கள். காய்க்கு என்ன, அது அதையேதான் சொன்னது.

"நாலு கிலோகூட இல்லையே ஆத்தா."

"இல்ல."

"மிச்சம்?"

"தண்ணி. ஆவியாப் போயிருச்சு."

அவள் ஒரு காயை எடுத்து உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே நின்றாள். கடைசியில் கேட்டாள், "சரி, இது இவ்வளவுதான். இதுக்காவது மூவாயிரம் கிடைக்கும்ல?"

அந்தக் கேள்வி வரும் என்று தெரிந்துதான் வந்திருந்தேன். சுருக்குப் பையிலிருந்து ஏலச் சீட்டை எடுத்தேன். எழுத்துக் கூட்டத்தான் எனக்கு நேரம் ஆகும், எண் எனக்குத் தடுக்காது. விரலை வைத்து வாசித்தேன். "பதினோரு கிலோ, கிலோ மூவாயிரத்துக்கு. நாற்பது கிலோ, கிலோ ஆயிரத்து எண்ணூறுக்கு. பதிமூணு கிலோ, வெடிச்சதும் பொடிசும், கிலோ ஆயிரத்து இருநூறுக்கு."

"அப்ப மில்லுல சொன்னது?"

"அந்தப் பதினோரு கிலோவுக்கு மட்டும்."

"அன்னைக்குக் கிலோவைச் சொல்லலையே ஆத்தா."

"சொல்லல."

"மேல் தோட்டத்துக்காரரும் பச்சைன்னு சொல்லல."

அவள் கோபத்தோடு சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். தராசில் ஒரு தட்டில் அவனையும் ஒரு தட்டில் என்னையும் வைத்ததுபோல் சும்மா சொன்னாள். ஊரில் இருக்கிற அத்தனை பேரையும் அளந்து பேசத் தெரியாதவர்கள் என்று ஏசிக்கொண்டு திரிந்தவள் நான்.

அன்றிரவும் மலையிலேயே தங்கினோம். வெள்ளிக்கிழமை காலையில் புருஷன் மஞ்சள் பையோடு ஜீப்பில் வந்து இறங்கினான். ஒத்திக்காரன் முன்பணமாகக் கொடுத்த ஒரு லட்சம் பையில் இருந்தது. பத்திரம் அடுத்த வாரம் எழுதுவதாகப் பேச்சு. மேல் தோட்டத்துக்காரர் வெள்ளை வேட்டியோடு பாதையிலேயே நின்றார். எனக்கும் ஒரு கும்பிடு போட்டார். அவள் புருஷனை முந்திக்கொண்டு கேட்டாள்.

"அண்ணே, எண்ணூறு கிலோன்னீகளே. பச்சையா, காஞ்சதா?"

"பச்சைதான்மா. காஞ்சதுன்னு நான் எப்பச் சொன்னேன்?"

"அது எந்தச் சுத்துல?"

"மழை நல்லா இருந்துச்சே, அந்தச் சுத்துல."

"அதுக்கு அடுத்த சுத்துல?"

"அது மழையைப் பொறுத்தது."

"எத்தனை கிலோண்ணே?"

அவர் என்னைப் பார்த்தார். நான் செடியைப் பார்த்தேன். "முன்னூறு இருக்கும்," என்றார். ஒரு பொய்யும் சொல்லாமலேயே ஒரு குடும்பத்தை வழித்துவிடப் பார்த்த ஆள். அவரைப் பற்றி நிறைய எழுதலாம். ஆனால் எழுத உட்காரும்போதெல்லாம் மாவு மில் நினைவுக்கு வந்துவிடுகிறது.

புருஷன் போனை எடுக்கவே இல்லை. பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். "யோசிச்சுச் சொல்றோம்ணே," என்று கும்பிட்டுவிட்டுத் திரும்பினான். எனக்கு நன்றி சொல்வான் என்று நினைத்தேன். "ஆத்தா, செவ்வாக்கிழமையே அந்தப் பதினொண்ணைச் சொல்லியிருந்தா எனக்கு ஜீப்பு வாடகை மிச்சம்," என்றான். அன்றைக்கு மத்தியானமே அந்த ஒரு லட்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். இந்த வருஷமும் அந்த நிலத்தில் அவன்தான் கடலை போட்டிருக்கிறான்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் நிம்மதியாக இறங்கியிருப்பேன். ஜீப்பு வளைவுகளில் திரும்பித் திரும்பி இறங்கும்போது பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

"ஆத்தா, மூணு கிலோ எண்ணூறு. ஆயிரத்து எண்ணூறு விலைக்கே வைப்போம். ஆறாயிரத்து எண்ணூத்தி நாற்பது வருது."

"வரும்."

"எனக்குக் கூலி ஐநூறு. மிச்சம் யாருக்கு?"

டிரைவர் என்னை ஓரக்கண்ணால் பார்த்தான்.

"உரம், மருந்து, களையெடுப்பு, ஸ்டோர்க் கூலி, ஜீப்பு," என்றேன்.

"எவ்வளவு உரம் ஆத்தா? வருசத்துக்கா, சுத்துக்கா? காஞ்ச கிலோவுக்கு எவ்வளவு விழுது?"

என் பேச்சையே எடுத்து என் மேல் வீசுகிறாள். மழுப்பலாம். என் மகனாக இருந்தால், பார்த்துப் பண்ணுவோம் என்றிருப்பான். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, போடி வருகிறவரைக்கும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். எல்லாச் செலவும் போக எனக்கு நிற்பது எவ்வளவு என்பதையும் சொன்னேன். அவள் நினைத்த அளவுக்கு அது இல்லை. ஆனால் ஒன்றுமே இல்லை என்று நான் வருஷாவருஷம் அழுதுகொண்டிருந்தேனே, அந்த அளவுக்கு இல்லாமலும் இல்லை. ஜீப்பு நிற்பதற்குள் ஆறு பேருக்கும் நாள் கூலி தலைக்கு ஐம்பது ரூபாய் கூடிவிட்டது.

"உங்களை யாரும்மா அவ்வளவையும் விளக்கமாச் சொல்லச் சொன்னது?" என்றான் மகன், வீட்டில் விஷயத்தைக் கேட்டதும்.

"நீ சொல்லாததைச் சேர்த்துச் சொன்னேன்," என்றேன்.

மறுநாள் கால் படி அரிசிகூட அரைக்க வேண்டியிராமல் வெறும் வாளியோடு மில்லுக்குப் போனேன். நாத்தனார் வருகிற நேரம் எனக்குத் தெரியும். வந்தாள். வரிசையில் நின்றவர்கள் கேட்கும்படியே சொன்னேன். "அன்னைக்கு மூவாயிரம்னேன்ல, அது பதினோரு கிலோவுக்கு மட்டும். மீதி ஐம்பத்து மூணு கிலோவும் ஆயிரத்து எண்ணூறுக்கும் ஆயிரத்து இருநூறுக்கும்தான் போச்சு. எல்லாம் காஞ்ச காய், கிலோ விலை."

மில்காரன் பெல்ட்டை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான்.

"பதினோரு கிலோவா மதினி?" என்றாள் நாத்தனார். வாயைப் பொத்திக்கொண்டாள். "நான் பதினோரு மூட்டையின்னுல்ல ஊரெல்லாம் சொல்லிட்டு வந்தேன். எம் மகன் போன்ல கேக்கிறான், அத்தை கார் வாங்கிட்டாகளான்னு." அப்புறம் பொத்தின கையையும் எடுத்துவிட்டுச் சிரித்தாள். மில்காரனும் சிரித்தான். நான் அவர்கள் சிரித்து முடிகிறவரைக்கும் நின்றேன். வாங்கிக்கொள்ள வேண்டியது அது.

முடிந்ததும் கேட்டேன். "உன் மகனுக்கு ரெண்டு லட்சம்னியே. பிடித்தம் போகவா, போகாமலா? வாடகை போகக் கையில எவ்வளவு நிக்குது?"

அவள் மாவை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அரைத்த கூலியைக் கொடுக்கக்கூட மறந்துவிட்டாள், மில்காரன் பின்னால் ஓடினான்.

ஊர் திருந்திவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். இரண்டு மாசத்துக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டில் ஒரு பூக்காரி எனக்கே சொல்கிறாள், சிலமலையில் ஒரு பொம்பளை மலைத் தோட்டத்தை வேண்டாம் என்று விட்டதில் இருபத்து நாலு லட்சம் நட்டப்பட்டாளாம். வராத பணத்துக்கு நட்டக் கணக்கு. இவர்களுக்கு வாயால் சொல்லிப் பயன் இல்லை, வாயிலிருந்து வாய்க்குப் போவதற்குள் பாதிச் சொல் உதிர்ந்துவிடுகிறது. அதனால்தான் ரூல் போட்ட நோட்டை வாங்கி, நாற்பது நாளாக இதை எழுதினேன்.

பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்துவிட்டாள். ஏத்தா, பையைக் கீழே வைத்துவிட்டு இங்கே வா. இந்த நோட்டை எடுத்து முதலிலிருந்து எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டு. வெரசாக ஓடாதே, நான் கூடவே வர வேண்டும். எங்கேயாவது நான் விலையை மட்டும் எழுதிவிட்டு, எத்தனை கிலோ என்று எழுதாமல் விட்டிருந்தால், அங்கேயே நிறுத்து.